மின்னணுச் சுற்றுகள்: தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஐடிஐ, டிப்ளமோ, முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள், வேலை முடிந்து இரவில் பிரெட்போர்டை (உறுப்புகளைத் துளைகளில் செருகிச் சுற்றுக் கட்டும் பலகை) திறப்பவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தந்திருக்கிறோம். 13, 14-ஆம் கேள்விகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேட்டரியிலோ 12 வோல்ட் அடாப்டரிலோ செய்து பார்த்துக்கொள்ளலாம்.

1. எலக்ட்ரானிக்ஸ் கத்துக்க எவ்வளவு கணக்கு தெரியணும்?

முதல் சில மாதங்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். பின்னங்களைக் கூட்டத் தெரிய வேண்டும், இரண்டு மூன்று சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கத் தெரிய வேண்டும். ஏசி சுற்றுகளுக்கு வரும்போது கலப்பெண்களும் மடக்கையும் தேவைப்படும். வகை நுண்கணிதம் இல்லாமலே நிறைய தூரம் போகலாம்.

பெரும்பாலானோர் சறுக்குவது மில்லி, மைக்ரோ, கிலோ மாற்றங்களில்தான். அதற்கு ஒரு வழி உண்டு: வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேராக மில்லி ஆம்பியரில் வரும். கிலோ ஓமை மைக்ரோ ஃபேரடால் பெருக்கினால் மில்லி விநாடி. இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் சுழியங்களை எண்ண வேண்டிய வேலை பாதியாகிவிடும். இனி கிலோ ஓமை, கடையில் சொல்வதுபோல, ‘கே’ என்றே எழுதுகிறோம்.

2. புத்தகத்துல மின்தேக்கி, காலேஜ்ல கெபாசிட்டர், ஃபேன் கடையில கண்டென்சர். மூணும் ஒண்ணா?

ஒன்றுதான். ஃபேனுக்குள் இருக்கும் 2.5 மைக்ரோ ஃபேரட் ‘கண்டென்சர்’ ஏசியில் ஓடுவது, அதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது. பிரெட்போர்டில் செருகும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு உண்டு. உடலில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். அதைத் திருப்பிப் போட்டால் சூடாகி, உப்பி, கடைசியில் தலை திறந்துகொள்ளும். பெயர் எதுவானாலும் பட்டையைப் பார்த்துச் செருகுங்கள்.

3. முதல்ல என்னென்ன வாங்கணும்? ஆர்டுயினோ கிட் வாங்கினா போதுமா?

சுற்றுப் பகுப்பாய்வு கற்க ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு போர்டு) அவசியமில்லை. நிரலில் பிழையா, சுற்றில் பிழையா என்று தெரியாமல் தவிப்பதுதான் மிச்சம். 830 துளை பிரெட்போர்டு ஒன்று, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், இரண்டு மல்டிமீட்டர். ஏன் இரண்டு? ஒன்று மின்னழுத்தத்தையும் மற்றது மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் காட்டும். விலையுயர்ந்த ஒரு மீட்டரைவிட, சுமாரான இரண்டு மீட்டர் தொடக்கத்தில் அதிகம் கற்றுத்தரும்.

ரெசிஸ்டர்களில் 100, 220, 470, 680 ஓம், 1 கே, 2.7 கே, 5.6 கே, 10 கே, 18 கே, 47 கே, 100 கே, 1 மெக் (மெகா ஓம்) ஆகியவற்றில் பத்துப் பத்து. எல்லாம் கால் வாட். 0.1 மைக்ரோ ஃபேரட் செராமிக் கெபாசிட்டர் இருபது. 10, 100, 1000 மைக்ரோ ஃபேரட் எலக்ட்ரோலிடிக் 25 வோல்ட்டில் ஐந்தைந்து. 1என்4007, 1என்4148 டயோடுகள், பிசி547 டிரான்சிஸ்டர் பத்து, எல்எம்358 ஐசி மூன்று, நிலையாக 5 வோல்ட் தரும் 7805 ஐசி இரண்டு, கொஞ்சம் எல்இடி. சென்னையில் ரிச்சி தெருவில் இவ்வளவும் ஒரே நடையில் கிடைத்துவிடும். இணைப்புக்கு ஒற்றைக் கம்பி உள்ள ஒயர்தான் வேண்டும். பல இழை ஒயர் பிரெட்போர்டு துளைக்குள் மடங்கி, உள்ளே இழை உடைந்து நிற்கும்.

4. எல்இடிக்கு ஏன் ரெசிஸ்டர்? சரியா 2 வோல்ட் கொடுத்தா நேரா மாட்டலாமே?

எல்இடி ஓம் விதிப்படி நடப்பதில்லை. சிவப்பு எல்இடியில் ஏறக்குறைய 1.8 வோல்ட் வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அதன்பின் மின்னழுத்தம் ஒரு துளி கூடினாலே மின்னோட்டம் பல மடங்கு ஏறும். போதாததற்கு, எல்இடி சூடானால் அதற்குத் தேவையான மின்னழுத்தம் குறையும்; நீங்கள் நிலையாக 2 வோல்ட் பிடித்து வைத்திருந்தாலும் மின்னோட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ரெசிஸ்டர் அதற்குக் கடிவாளம்.

கணக்கு: 9 வோல்ட் பேட்டரி, எல்இடியில் 2 வோல்ட், நமக்கு வேண்டியது 10 மில்லி ஆம்பியர். மிச்சம் 7 வோல்ட். 7-ஐ 10-ஆல் வகுத்தால் 0.7 கே. 700 ஓம் என்ற மதிப்பு வழக்கமான வரிசையில் இல்லை. அந்த வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகும். எனவே 680: நீலம், சாம்பல், பழுப்பு, கடைசியில் தங்கம். மின்னோட்டம் 10.3 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் வீணாகும் திறன் 72 மில்லி வாட். கால் வாட் தாராளம். பேட்டரி இறங்கி 7 வோல்ட்டானாலும் 7 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பொத்தான் பேட்டரியில் எல்இடியை நேராகச் செருகி எரிய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் ரெசிஸ்டர் உண்டு. அது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் உள்தடை.

5. கரண்ட் பிளஸ்லேர்ந்து போகுதா, மைனஸ்லேர்ந்து போகுதா?

எலக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸுக்கு நகர்கிறது. நாம் வரையும் அம்பு பிளஸிலிருந்து மைனஸுக்கு. 1897-இல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கணக்கில் எந்த விடையும் மாறாது. டயோடு, டிரான்சிஸ்டர் குறிகளில் உள்ள அம்பும் பிளஸிலிருந்து போகும் வழக்கத்தையே காட்டுகிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

6. கரண்ட் அளக்கலாம்னு மீட்டரை பேட்டரி ரெண்டு முனையிலும் வச்சேன். பொறி பறந்துச்சு. மீட்டர் போச்சா?

மின்னோட்ட அளவில் இருக்கும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரு துண்டுக் கம்பிதான். பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் அது ஷார்ட். 200 மில்லி ஆம்பியர் அளவில் இருந்திருந்தால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். பின்மூடியைத் திறந்து அதே மதிப்பில் வேறொன்று போடுங்கள். 10 ஆம்பியர் துளை மலிவு மீட்டர்களில் ஃபியூஸ் இல்லாமல் வரும், அங்கே ஒயர்தான் எரியும். மின்னோட்டம் அளக்க, சுற்றை ஓரிடத்தில் அறுத்து அந்த இடைவெளியில் மீட்டரை வைக்க வேண்டும். அளந்து முடித்த கையோடு சிவப்பு ஒயரை மின்னழுத்தத் துளைக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த நாள் மறந்துபோய் சப்ளையில் வைப்பதுதான் அதிகம் நடக்கிற விபத்து.

ஓம் அளவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: சுற்றில் மின்சாரம் இருக்கக் கூடாது. சுற்றுக்குள் இருக்கும் ரெசிஸ்டரை அப்படியே அளந்தால், அதற்கு இணையாக உள்ளவையும் சேர்ந்து குறைவாகவே காட்டும். ஒரு காலைத் தூக்கிவிட்டு அளங்கள்.

7. கிரவுண்டுன்னா பூமியா? பேட்டரி சர்க்யூட்ல பூமி எங்கேர்ந்து வந்துச்சு?

வரவே இல்லை. மின்னழுத்தம் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் இரண்டு புள்ளியைச் சொல்லாமல் இருக்க, ஒரு புள்ளியைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறோம், அதுதான் கிரவுண்டு. பெரும்பாலும் சப்ளையின் மைனஸ். மீட்டரின் கருப்பு ஒயரை அங்கே மாட்டிவிட்டு சிவப்பை மட்டும் நகர்த்தலாம்.

வீட்டு எர்த் வேறு. அந்த இரண்டும் தற்செயலாகச் சேருமிடம் ஆசிலாஸ்கோப் (மின்னழுத்தத்தின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி). அதன் புரோப் கிளிப், பிளக்கின் எர்த் முள்ளோடு உள்ளேயே இணைந்திருக்கும். 230 வோல்ட்டோடு நேரடித் தொடர்புள்ள சுற்றில் அந்தக் கிளிப்பை மாட்டினால் எர்த் வழியாக ஷார்ட். அத்தகைய சுற்றுகளைத் தொடங்குபவர்கள் ஸ்கோப்பால் தொடவே வேண்டாம்.

8. ஓம் விதி தெரியும். ஆனா ரெண்டு சப்ளை இருக்கிற சர்க்யூட்டைப் பார்த்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

கணுக்களிலிருந்து ஆரம்பியுங்கள். கம்பிகள் சந்திக்கும் இடம் கணு. கிர்க்காஃப் 1845-இல் சொன்ன இரண்டு விதிகளில் முதலாவது: ஒரு கணுவுக்குள் வருகிற மின்னோட்டமும் வெளியேறுகிற மின்னோட்டமும் சமம். இது ஒன்றே முக்கால்வாசி கணக்குகளைத் தீர்க்கும்.

உதாரணமாக ஒரு கணு. அதற்கு 10 வோல்ட் சப்ளையிலிருந்து 1 கே வருகிறது, கிரவுண்டுக்கு 2 கே போகிறது, 5 வோல்ட் சப்ளைக்கு 3 கே போகிறது. கணுவின் மின்னழுத்தத்தை ‘வி’ என்போம். வெளியேறும் மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை சுழியம்: (வி − 10)/1 + வி/2 + (வி − 5)/3 = 0. முழுவதையும் 6-ஆல் பெருக்கினால் 11வி = 70. விடை 6.36 வோல்ட். இப்போது சரிபார்ப்பு: 1 கே வழியாக 3.64 மில்லி ஆம்பியர் உள்ளே வருகிறது. 2 கே வழியாக 3.18, 3 கே வழியாக 0.45 வெளியே போகிறது. 3.18-ஐயும் 0.45-ஐயும் கூட்டினால் 3.63, தசமச் சுருக்கத்தைத் தவிர்த்தால் கணக்கு நேர்.

கடைசி எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 0.45 மில்லி ஆம்பியர் 5 வோல்ட் சப்ளைக்கு உள்ளே போகிறது. காகிதத்தில் அது சரி. அந்த 5 வோல்ட் ஒரு 7805-இலிருந்து வருகிறது என்றால், 7805 வெளியே மின்னோட்டம் தரத்தான் செய்யும், உள்ளே வாங்கிக்கொள்ளாது. அதே 5 வோல்ட்டில் அந்த 0.45-ஐத் தின்ன வேறு சுமை இல்லாவிட்டால் மின்னழுத்தம் 5-க்கு மேல் ஏறிவிடலாம். கணக்கைத் தப்பாகப் போட்டோமோ என்று பலர் குழம்பும் இடம் இது. கணக்கு சரிதான், காகிதத்தில் வரைந்த சப்ளையும் மேசையில் உள்ள சப்ளையும் ஒன்றில்லை.

9. நோடல் முறையா, மெஷ் முறையா? எக்ஸாம்ல எதைப் போடணும்?

8-ஆம் கேள்வியில் கணுவை வைத்துப் போட்டதுதான் நோடல்; மூடிய பாதைகளான கண்ணிகளை வைத்துப் போடுவது மெஷ். கணுக்கள் குறைவாக இருந்தால் நோடல், கண்ணிகள் குறைவாக இருந்தால் மெஷ். தேர்வுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மேசைக்கு நோடல் போதும்: மீட்டர் காட்டுவது கணுவின் மின்னழுத்தத்தைத்தான், விடையை உடனே ஒப்பிடலாம்.

10. ரெண்டு 10 கே போட்டு 12 வோல்டை 6 ஆக்கினேன். 1 கே லோடு வச்சதும் 1 வோல்ட்தான் இருக்கு. மீதி எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, மேலே உள்ள 10 கேயில் விழுகிறது. கீழ் 10 கேக்கு இணையாக 1 கே வந்ததும், இரண்டும் சேர்ந்து 0.909 கே ஆகிவிடுகிறது. 12 × 0.909 / 10.909 = 1 வோல்ட். இப்படி இரண்டு ரெசிஸ்டரால் மின்னழுத்தத்தைப் பிரிக்கும் டிவைடர் என்பது சப்ளை அல்ல. சுமை ஏறினால் விகிதமே மாறிவிடும்.

இதையே தெவனின் வழியில் பாருங்கள். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரான அவர் 1883-இல் வெளியிட்டது: ரெசிஸ்டர்களும் சப்ளைகளும் எத்தனை இருந்தாலும், இரண்டு முனைகளிலிருந்து பார்த்தால் அது ஒரு சப்ளையும் ஒரு தொடர் ரெசிஸ்டரும்தான். சப்ளை என்பது சுமை இல்லாதபோது அளக்கும் மின்னழுத்தம்: 6 வோல்ட். ரெசிஸ்டர் என்பது 12 வோல்ட் சப்ளையைக் கம்பியாக எண்ணிக்கொண்டு உள்ளே பார்த்தால் தெரிவது: இரண்டு 10 கே இணையாக, 5 கே. இனி எந்தச் சுமையை வைத்தாலும் ஒரு வரிக் கணக்கு. 1 கே வைத்தால் 6 × 1/6 = 1 வோல்ட். 100 கே வைத்தால் 5.7 வோல்ட். சுமை, தெவனின் ரெசிஸ்டரைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும் என்ற கைக்கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

11. ரெண்டு 1 மெக் போட்டு 12 வோல்ட் கொடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் 4 வோல்ட்தான் காட்டுது. 4-ம் 4-ம் 8. கிர்க்காஃப் தப்பா?

கிர்க்காஃப் சரி. சுற்றை மாற்றியது உங்கள் மீட்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்களில் பலவற்றின் உள்தடை 1 மெக். அதை வைத்த நொடியில் அது 10-ஆம் கேள்வியில் சொன்ன ‘சுமை’ ஆகிவிடுகிறது. தெவனின் ரெசிஸ்டர் 500 கே, மீட்டர் 1 மெக்: 6 × 1/1.5 = 4 வோல்ட். மேலே வைத்தாலும் 4, கீழே வைத்தாலும் 4. 10 மெக் உள்ள மீட்டரில் 5.7 காட்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் உங்கள் மீட்டரின் உள்தடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அரை மணி நேரச் சோதனை. கட்டாயம் செய்து பாருங்கள்.

12. கெபாசிட்டர் டிசியைத் தடுக்கும்னா, ஸ்விட்ச் போட்டதும் எல்இடி ஒரு நொடி மின்னுது ஏன்?

கெபாசிட்டர் தடுப்பது மாறாத டிசியை. ஸ்விட்ச் போட்ட கணத்தில் மின்னழுத்தம் மாறுகிறது. அது நிரம்பும் வரை மின்னோட்டம் ஓடும். எவ்வளவு நேரம் என்பது மின்தடையையும் கெபாசிட்டரையும் பெருக்கினால் வரும்: 10 கே, 100 மைக்ரோ ஃபேரட் என்றால் 1000 மில்லி விநாடி, அதாவது 1 விநாடி. அந்த நேரத்தில் 63 சதவீதம் நிரம்பும், ஐந்து மடங்கு நேரத்தில் 99-ஐத் தாண்டும்.

ஏசிக்கும் இதே பெருக்கல்தான். 10 கே, 10 நானோ ஃபேரட் வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் 1/(6.28 × மின்தடை × மின்தேக்கம்), ஏறக்குறைய 1.6 கிலோ ஹெர்ட்ஸ். அங்கே வெளியீடு பாதியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு, 0.707 மடங்காகும், பாதியாவது திறன். மலிவு மீட்டரின் ஏசி அளவை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். அது சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்குமே நம்பத்தக்கது.

13. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 1000 மைக்ரோ, 7805. சும்மா இருந்தா 5 வோல்ட் வருது. அரை ஆம்பியர் எடுத்தா ஸ்பீக்கர்ல உர்ர்னு சத்தம். ஏன்?

முதலில் எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கம் ஃபியூஸ், மூடிய பெட்டி, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில், இம்மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

9 வோல்ட் என்பது சராசரி வர்க்க மூல மதிப்பு. உச்சம் 9 × 1.414 = 12.7. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் இரண்டு டயோடு 1.4-ஐத் தின்னும். மிச்சம் 11.3. பிரிட்ஜ் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை கெபாசிட்டரை நிரப்புகிறது. இடையில் சுமைக்குக் கொடுப்பது கெபாசிட்டர்தான். அதனால் அதன் மின்னழுத்தம் இறங்கும் அளவு: மின்னோட்டம் × 0.01 / மின்தேக்கம். 0.5 ஆம்பியருக்கு, 1000 மைக்ரோ ஃபேரடில் 5 வோல்ட்! பள்ளத்தின் அடியில் 6.3 வோல்ட். 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வேண்டும். விநாடிக்கு நூறு முறை அது கைவிடுகிறது. உர்ர் சத்தம் அந்த 100 ஹெர்ட்ஸ். உண்மையில் பள்ளம் இக்கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஆனால் வடிவமைக்க இதை நம்பலாம்.

2200 போட்டால் பள்ளம் 2.3 வோல்ட், அடி 9.0. போதும்போல் தெரியும். மாலையில் லைன் வோல்டேஜ் 200-க்கு இறங்கும் ஊரில் உச்சமே 9.7 வோல்ட்தான். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் எழுதிய மதிப்பைவிட 20 சதவீதம் குறைவாக வந்தால் 1760, பள்ளம் 2.8, அடி 6.8. சத்தம் திரும்பி வந்துவிடும். 3300 போட்டால் அதே மோசமான நிலையிலும் அடி 7.8. எனவே 3300. கெபாசிட்டரின் வோல்ட் மதிப்பை எதிர்க்கோடியில் இருந்து பார்க்க வேண்டும்: லைன் 250, சுமை இல்லை, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 20 சதவீதம் கூடுதலாகத் தரும் என்றால் 15 வோல்ட்டைத் தாண்டும். 16 வோல்ட் கெபாசிட்டர் விளிம்பில் நிற்கும். 25 வோல்ட் வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 1 ஆம்பியராக இருக்கட்டும். கெபாசிட்டர் நிரம்பும் மின்னோட்டம் குறுகிய உயரமான துடிப்புகளாக வருவதால், அரை ஆம்பியர் டிசிக்கு அரை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிவிடும்.

14. அந்த 7805-ல கை வைக்க முடியல. பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆகி மறுபடி வருது.

உள்ளே சராசரி 10.5, வெளியே 5, நடுவில் 5.5 வோல்ட்டும் 0.5 ஆம்பியரும் வெப்பமாகிறது: ஏறக்குறைய 2.8 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805 வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும். அப்படிப் பார்த்தால் 180 டிகிரி வர வேண்டும். அதற்கு முன்பே உள்ளிருக்கும் பாதுகாப்பு நிறுத்திவிடுகிறது, ஆறியதும் திரும்ப வருகிறது. ஐசி பழுதில்லை. ஹீட்சிங்க் போடுங்கள்.

7805-இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது, அதனால் உலோகப் பெட்டியில் நேராக முடுக்கலாம். அதே தைரியத்தில் எல்எம்317-ஐ முடுக்கிவிடாதீர்கள். அதன் முதுகு வெளியீட்டு முனை. 7905-இல் அது உள்ளீடு. இவற்றுக்கு மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும்.

15. பிசி547 வச்சு 12 வோல்ட் ரிலே ஓட்டினேன். நாலு தடவை ‘டிக்’னு சொல்லிட்டு டிரான்சிஸ்டர் செத்துருச்சு.

ரிலே காயிலின் இரு முனையிலும் டயோடு இருந்ததா? காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அது ஓட வழி தேடி மின்னழுத்தத்தை நூறு வோல்ட்டுக்கும் மேலே தள்ளும். பிசி547 தாங்குவது 45 வோல்ட். ஒரு 1என்4007-ஐக் காயிலுக்கு இணையாக, பட்டை உள்ள முனை 12 வோல்ட் பக்கம் இருக்கும்படி போடுங்கள். திருப்பிப் போட்டால், ரிலே ஆன் ஆகும்போதே ஷார்ட். அதிலும் டிரான்சிஸ்டர்தான் சாகும்.

பேஸ் ரெசிஸ்டர் கணக்கு: 400 ஓம் காயில் 30 மில்லி ஆம்பியர் கேட்கும். எச்எஃப்இ (பேஸ் மின்னோட்டத்தைப்போல் கலெக்டர் மின்னோட்டம் எத்தனை மடங்கு என்ற எண்) 300 இருக்கிறதே என்று 0.1 மில்லி ஆம்பியர் கொடுக்காதீர்கள். ஸ்விட்ச்சாக ஓட்டும்போது இருபதில் ஒரு பங்காவது கொடுத்து முழுக்கத் திறக்க வேண்டும்: 1.5 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் சிக்னலில் 0.7 போக 4.3; 4.3/1.5 = 2.87 கே, 2.7 கே போடுங்கள். ஆன் நிலையில் கலெக்டரில் 0.2 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் சரி. 2, 3 வோல்ட் நின்றால் பாதிதான் திறந்திருக்கிறது, சூடாகும்.

கால்கள்: தட்டை முகம் உங்களைப் பார்த்து, கால் கீழே இருக்கும்போது பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நம்மூர் டிரான்சிஸ்டரைச் செருகுபவர்கள் தவறும் இடம் இதுதான். தலைகீழாகப் போட்டாலும் அது கொஞ்சம் வேலை செய்யும் என்பதால் தவறு சீக்கிரம் பிடிபடாது.

16. ஆம்ப்ளிஃபயருக்கு பேஸ்ல ஒரு பெரிய ரெசிஸ்டர் போதுமே? புத்தகத்துல ஏன் நாலு ரெசிஸ்டர்?

பிசி547-இன் எச்எஃப்இ 110-இலிருந்து 800 வரை எதுவாகவும் இருக்கலாம். 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 5.6 கே, 1 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைப்போம். எச்எஃப்இ 110 உள்ளதற்கு 1.2 மெக் போட்டால் சரியாக வரும். அதே இடத்தில் 800 உள்ளதைச் செருகினால் 7 மில்லி ஆம்பியர் இழுக்கப் பார்க்கும், 5.6 கே வழியாக 2.1-க்கு மேல் வராது. கலெக்டர் தரையைத் தொட்டு நிற்கும். ஒலி வராது, வந்தாலும் கிழிந்து வரும்.

நான்கு ரெசிஸ்டர்: பேஸில் மேலே 100 கே, கீழே 18 கே, கலெக்டரில் 5.6 கே, எமிட்டரில் 1 கே. 10-ஆம் கேள்வியின் தெவனின் கணக்கை அப்படியே போடுங்கள். பேஸ் பக்கம் 1.83 வோல்ட், 15.3 கே. இந்த 15.3 கே எமிட்டர் பக்கமிருந்து பார்த்தால் எச்எஃப்இயால் வகுபட்டுத் தெரியும். பேஸ்-எமிட்டரில் 0.65 போக 1.18 வோல்ட். எச்எஃப்இ 110 என்றால் 1.04 மில்லி ஆம்பியர், 800 என்றால் 1.16. டிரான்சிஸ்டர் ஏழு மடங்கு மாறியும் மின்னோட்டம் பத்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் மாறுகிறது. கலெக்டர் 5.5-க்கும் 6.2-க்கும் இடையே, சப்ளையின் நடுவில் நிற்கிறது. டிரான்சிஸ்டரை நம்பாமல் ரெசிஸ்டர்களை நம்பும்படி சுற்றை அமைப்பதே இங்கே நடக்கும் வடிவமைப்பு.

இதற்குக் கொடுக்கும் விலை: பெருக்கம் ஏறக்குறைய 5.6/1, ஐந்தரை மடங்குக்குச் சுருங்கிவிடும். எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக 100 மைக்ரோ ஃபேரட் போட்டால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் 200 மடங்கு வரை ஏறும், கூடவே உருக்குலைவும் ஏறும். 1 கேயை 100 ஓமும் 900 சொச்சமுமாகப் பிரித்து, பெரியதற்கு மட்டும் கெபாசிட்டர் போடுவது நல்ல நடுவழி.

17. ஆப்ஆம்ப்ல ரெண்டு இன்புட்டும் சமம்னு சொல்றாங்க. என்னோடதுல 3 வோல்ட் வித்தியாசம் இருக்கே?

ஆப்ஆம்ப் என்பது எல்எம்358 போன்ற, இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி. அது அவற்றைச் சமமாக ஆக்குவது தன் வெளியீட்டை அசைத்துத்தான். வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்குப் பாதை இல்லாவிட்டாலோ, வெளியீடு மேலே முட்டிவிட்டாலோ சமம் என்ற பேச்சே இல்லை. எல்எம்358 சப்ளையைவிட ஏறக்குறைய 1.5 வோல்ட் கீழேயே முட்டும்: 5 வோல்ட் சப்ளையில் 3.5-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 741-ஐ 5 வோல்ட் ஒற்றைச் சப்ளையில் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அது பிளஸ் மைனஸ் 15 வோல்ட் காலத்து ஐசி.

10-ஆம் கேள்வியின் 6 வோல்ட்டைக் காப்பாற்றவும் இதுவே வழி. டிவைடரின் நடுப்புள்ளியை எல்எம்358-இன் பிளஸ் உள்ளீட்டில் கொடுத்து, வெளியீட்டை மைனஸ் உள்ளீட்டோடு சேருங்கள். 1 கே வைத்தாலும் 6 வோல்ட் அசையாது. ஐசியின் 8, 4-ஆம் கால்களுக்கு இடையே 0.1 மைக்ரோ ஃபேரடை ஒட்டி வையுங்கள். உள்ளே இருக்கும் இன்னொரு ஆப்ஆம்ப்பின் கால்களை அந்தரத்தில் விடாமல், அதையும் இப்படியே பஃபராகக் கட்டி அதே 6 வோல்ட்டைக் கொடுத்துவிடுங்கள்.

18. சிமுலேஷன்ல அழகா ஓடுது. பிரெட்போர்டுல ஓட மாட்டேங்குது. எதை நம்புறது?

1973-இல் பெர்க்லியில் பிறந்த சிமுலேஷன் நிரலான ஸ்பைஸும் அதன் வழிவந்தவையும் நீங்கள் வரைந்ததைத்தான் கணக்கிடும், நீங்கள் செருகியதை அல்ல. எனவே செருகியதை முதலில் பாருங்கள். மின்னழுத்தத்தை ஓரத்துக் கோட்டில் அளக்காமல், ஐசியின் காலிலேயே அளங்கள். 830 துளை போர்டுகள் பலவற்றில் ஓரத்துக் கோடு நடுவில் அறுந்திருக்கும். பாதிப் போர்டுக்குச் சப்ளையே வராது. அடுத்து கிரவுண்டு, அதையும் காலிலேயே. பிறகு சிக்னல் இல்லாமல் ஒவ்வொரு கணுவின் டிசி மதிப்பு. அளப்பதற்கு முன் எதிர்பார்க்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் அளந்தால் மீட்டர் காட்டும் எந்த எண்ணும் சரிபோலவே தோன்றும். பேஸ்-எமிட்டரில் 0.6, 0.7-க்குப் பதில் 2 வோல்ட் இருந்தால் அந்த டிரான்சிஸ்டர் செத்துவிட்டது அல்லது கால் மாறியிருக்கிறது. இதெல்லாம் சரியான பிறகுதான் சிக்னல்.

தலைகீழாகவும் நடக்கும். இரண்டு டிரான்சிஸ்டர் மாறிமாறி மின்னும் மல்டிவைப்ரேட்டர் போர்டில் உடனே ஓடும், சிமுலேஷனில் அசையாமல் நிற்கும். போர்டில் இரண்டு பக்கமும் ஒருபோதும் துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை. அந்த ஏறுமாறுதான் அதைத் தொடக்கிவிடுகிறது. கணினியில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, எந்தப் பக்கம் சாய்வதென்று அதற்குத் தெரியாது. ஒரு பக்கத்து 47 கேயை 46 கே என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள், அல்லது ஒரு கெபாசிட்டருக்குத் தொடக்க மின்னழுத்தம் கொடுங்கள், மின்ன ஆரம்பித்துவிடும்.